பதினான்காம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு

ஜூன் முப்பது, வெள்ளி. பைசந்துவில் நல்ல குளிர்.
இறைச்சிக் கிடங்கின் நான்காம் அறை மைனஸ் பதினெட்டு,
என் அறை அதைவிடக் கொஞ்சம் தேவலை.
மேசைமேல் ஒன்பது வருஷத்து மென்பொருள் ஒப்பந்தம்,
அதன்மேல் ஆறிப்போன மாத்தே.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு உரிமம் எடுத்திருக்கிறோம்.
வேலைக்கு வருவது நூற்று முப்பத்தெட்டுப் பேர்.
மிச்சம் யார்?
ஓய்வு பெற்றவர்கள், பாலம் தாண்டி அர்ஜென்டினா போனவர்கள்,
டெஸ்ட், டெஸ்ட் இரண்டு,
பிறகு 'அழிக்காதே' என்ற பெயரில் ஒருவர்.
அவருக்கும் வருஷம் நானூறு டாலர் கட்டுகிறோம்.
எங்கள் கணக்காளர் பெயர் வாஷிங்டன் எட்செவெரி.
டென்வர் நிறுவனம் ஒன்பது வருஷமாக
அவரை விலாசத்தில் ஊர் என்று அச்சடிக்கிறது.

உதவி கேட்டு எழுதினால் ஓர் எண் வரும்.
மார்ச்சில் எழுநூறு மாடுகளின் காதுப்பட்டை எண்கள்
ஒரே இரவில் ஒரே மாட்டின்மேல் ஏறிக்கொண்டன.
காகிதத்தில் அது நூற்றெழுபது டன்.
பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது:
கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டீர்களா?

வேண்டாம் என்று சொல்ல இன்றே கடைசி நாள்.
சொல்லாவிட்டால் தானாக இன்னும் மூன்று வருஷம்.
மௌனம் சம்மதம் என்று
இத்தனை சின்ன எழுத்தில் நான் எங்கும் படித்ததில்லை.
சொல்லும் வழியும் அதிலேயே இருக்கிறது:
ஃபேக்ஸ் மட்டும், கீழ்க்கண்ட எண்ணுக்கு மட்டும்,
அனுப்பிய நொடியே அறிவித்ததாகக் கருதப்படும்.

எங்கள் ஃபேக்ஸ் இயந்திரத்தைக்
கொஞ்சகாலம் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்து
பழைய இரும்புக்குப் போட்டது நான்தான்.

வாஷிங்டனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றினேன்.
துறைமுகத்தில் இயந்திரம் இருந்தது, லைன் இல்லை.
ஆஸ்பத்திரியில் லைன் இருந்தது, காகிதம் இல்லை.
கால்நடை வைத்தியர் சிரித்தார், அவ்வளவுதான்.
நோட்டரி மீர்த்தா ஒலிவேரா
கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.
நூல் பின்னிய துணியை விலக்கினார்.
உள்ளே அது, பளபளவென்று, தூசியே இல்லாமல்.
ஓர் ஊளை. அந்தப் பக்கம் இன்னோர் ஊளை.
'ஒரு பக்கம். சரி. 17:52.'
வெயில் பட்டால் வெளிறும் சீட்டு அது.
மூன்று நகல் எடுத்து முத்திரை குத்தி,
முத்திரைக்குக் காசும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை டென்வரிலிருந்து ஒரு பெண் பேசினாள், பெயர் கார்லீன்.
"உங்கள் கடிதம் இங்கே வந்திருக்கிறது. நாங்கள் பூக்கடை.
'முடிவு' என்று போட்டிருக்கிறதே,
மலர்வளையம் யாருக்கு?"
யாரும் சாகவில்லை என்றேன்.
நல்லது என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

செவ்வாயன்று விற்பனை மேலாளர்:
"எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே, சென்யோரா."
பதினான்கு, மூன்றை நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.
அனுப்பிய நொடியே.
எண் நீங்கள் தந்தது.
மௌனம். இந்தமுறை அவர் பக்கம்.

ஜெயித்தோம் என்று எழுதத்தான் ஆசை.
செப்டம்பரில் அவர்களிடமே கையெழுத்துப் போட்டோம்.
காதுப்பட்டைகளை வேறிடம் மாற்ற இரண்டு வருஷம் ஆகுமாம்.
ஆனால் விலை நாற்பது சதவீதம் குறைவு,
நான்கு மணி நேரத்துக்குள் பதில்,
நூற்று முப்பத்தெட்டே பேர்.
அன்று மாலை 'அழிக்காதே'யை அழித்தேன்.
மறுநாள் காலை எடைமேடை நின்றுபோனது.
நூற்று முப்பத்தொன்பது.

புது ஒப்பந்தத்தில் அறிவிப்புப் பிரிவைத் தேடிப் பார்த்தேன்.
அதே ஃபேக்ஸ் எண், ஓர் இலக்கம் மாறவில்லை.
வாஷிங்டன் பென்சிலால் வட்டம் போட்டு
என்னைப் பார்த்தார்.
ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தேன்.
போகும் வழியில் மீர்த்தாவுக்கு
இரண்டு சுருள் ஃபேக்ஸ் காகிதம் வாங்கிக் கொடுத்தேன்.